புள்ளி மறைந்த பிறகுதான் மருந்துக்கு வேலை

பெரம்பூர் தொட்டிக்காரன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி தொட்டி மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயைப் பற்றியவைதான். சித்திரை வெயிலில் சென்னைத் தொட்டிகளில் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது இந்தத் தொல்லை குறைவு. இரவில் தண்ணீர் குளிர்ந்து பகலில் சூடேறும் மழை மாதங்களில் மீன் தளர்ந்துபோகிறது. அந்த நேரம் பார்த்துக் கொளத்தூரில் வாங்கிய புது மீனையும் நேராகத் தொட்டியில் விட்டால் கேட்கவே வேண்டாம்.

அக்கா வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டரை அடித் தொட்டி; ஏஞ்சல் மீன் ஜோடி, சில பிளாட்டிகள், புதிதாக வந்த நியான் டெட்ராக் கூட்டம். முதலில் புள்ளியே இல்லை. ஏஞ்சல் மட்டும் மரக்கட்டையில் விலாவை உரசிவிட்டு விருட்டென்று விலகும், சற்று நேரத்தில் மறுபடி வந்து உரசும். பிறகு வால் துடுப்பில் ரவை ஒட்டியதுபோல் வெள்ளை மணிகள். கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தை ஊற்றினார்கள், புள்ளிகள் உதிர்ந்தன. "சரியாகிவிட்டது, இனி மருந்து வேண்டாம்" என்று கடையிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வந்தது. டெட்ராக்கள் மேற்பரப்பில் நின்று செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

உண்மையில் மருந்து அந்தப் புள்ளிகளைத் தொடவே இல்லை. நாம் பார்க்கும் வெள்ளை மணி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உண்டு கொழுக்கும் ஒற்றைச் செல் உயிரி. தோல் அதற்குக் கூரை. வளர்ந்து முடிந்ததும் அது தானாகவே கழன்று அடியில் விழுந்து, சரளைக்கல்லிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு பிளக்கத் தொடங்குகிறது. ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள், சில சமயம் ஆயிரம்கூட வெளிவரும். அவை ஓரிரு நாளில் மீனைப் பிடிக்காவிட்டால் சாகும். தண்ணீரில் நீந்தித் திரியும் அந்தக் குறுகிய பொழுதில்தான் மருந்தும் உப்பும் அவற்றைக் கொல்ல முடியும். மீன் சுத்தமாகத் தெரியும் நாள்தான் தொட்டியின் அடித்தளம் மிக ஆபத்தாக இருக்கும் நாள். அன்றைக்குத்தான் எல்லோரும் மருந்தை நிறுத்துகிறார்கள்.

அக்கா தொட்டியில் வடிகட்டியிலிருந்து கரியை முதலில் எடுத்தேன். அது இருக்கும்வரை ஊற்றும் மருந்தை அதுவே குடித்துவிடும். ஹீட்டரை மெல்ல ஏற்றி 30க்குக் கொண்டுவந்தேன். சூடு புழுவைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். (புழு என்பது வழக்குச் சொல், இது புழு அல்ல.) முதல் பயன் வேறு: அதன் வாழ்க்கைச் சுழற்சி விரைவாகிறது, மருந்துக்கு அகப்படும் நிலைக்குச் சீக்கிரம் வருகிறது. 30ஐ ஒட்டிய சூட்டில் பெரும்பாலானவற்றின் பெருக்கம் தடைபடுவதும் உண்மை. ஆனால் தாங்கும் வகைகளும் உண்டு, சூட்டை மட்டும் நம்ப வேண்டாம். சூடேறினால் தண்ணீரில் பிராணவாயு குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் கரையும், 30ல் 7.5தான். செவுளில் நோய் இருக்கும் மீனுக்கு அது பெரிய இழப்பு. அதனால் இரண்டாவது ஏர் பம்ப் போட்டேன். அயோடின் சேராத கல்லுப்பை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் தனியே கரைத்து, ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாக விட்டேன். டெட்ராக்கள் இருந்ததால் சொட்டு மருந்து பாதி அளவுதான். தினமும் சைஃபன் குழாயால் அடிமண்ணை உறிஞ்சியதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி என்பேன். உறை கட்டியவை கூட்டத்தோடு வெளியே போய்விடுகின்றன. டெட்ராக்களில் சில தப்பவில்லை. ஏஞ்சல்கள் பிழைத்தன.

பின்னூட்டங்கள்

குன்னூர் குளிர்

சென்னைக் கணக்கு எங்கள் ஊருக்குச் செல்லாது, அண்ணா. 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும் சுழற்சி, 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். மார்கழியில் ஹீட்டர் இல்லாத கோல்டு பிஷ் தொட்டிக்கு "பத்து நாள் மருந்து" என்றால் அது பாதி வழியில் இறங்குவதுதான்.

ஒரு முறை நண்பர் ஒருவர் தன் கோல்டு பிஷ்ஷுக்கு வெள்ளைப்புள்ளி என்று பதறி அழைத்தார். போய்ப் பார்த்தால் மீன் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. புள்ளிகள் செவுள் மூடியிலும், பக்கத் துடுப்பின் முன் நரம்பின் மீது வரிசையாகவும் மட்டும். உடலில் ஒன்றுகூட இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்டு பிஷ்ஷுக்கு இப்படி முளைப்பது இயல்பு. நோய்ப் புள்ளி வரிசை பார்க்காது. உடல், வால், முதுகு எங்கும் சிதறிக் கிடக்கும். மருந்துப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாசிப்பச்சை, கோவை

செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் மேலே உள்ளதை அப்படியே செய்துவிடாதீர்கள். உப்பு பல செடிகளைக் கருக்கிவிடும். தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் ஒன்று விடாமல் கொன்றுவிடும். லோச் மீன் வகைகளுக்கு மேனியில் செதில் மிக நுண்ணியது; இந்த நோய் முதலில் பிடிப்பதும் அவற்றைத்தான், மருந்தின் வேகம் முதலில் தாக்குவதும் அவற்றைத்தான்.

என் க்ளவுன் லோச்களுக்கு வந்தபோது செடித் தொட்டியில் ஒரு சொட்டு மருந்துகூட விடவில்லை. மீன்கள் அனைத்தையும் மணலும் கல்லும் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, அங்கே பாதி அளவு மருந்து கொடுத்தேன். பழைய தொட்டியில் இறாலும் செடியும் மட்டும். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி தானே பட்டினியில் மடியும். 28 டிகிரிச் சூட்டில் ஒரு வாரமே போதும் என்பார்கள். நான் அதன் இரண்டு மடங்கு காத்திருந்தேன். அவசரம் என்ன?

வேளச்சேரி அம்மா

தம்பி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டில் வைத்தியம் பாதியில் இருந்தது. பார்மலின் கலந்த மருந்து ஊற்றியிருந்த நேரத்தில் மின்சாரம் போனது. அந்த மருந்து தண்ணீரின் பிராணவாயுவைக் குறைக்கும் என்று புட்டியில் பொடி எழுத்தில் இருந்ததை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் படித்தேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. முன்பே டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் கைகொடுத்தது. பாதியை மாற்றி மருந்தின் வீரியத்தைக் குறைத்தோம். பிறகு நானும் மகனும் முறை வைத்துக் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். இப்போது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு சந்தேகம்: புள்ளி போன பிறகு எத்தனை நாள் தொடர வேண்டும்?

நுண்ணோக்கி

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தபோது, நோய்ப்பட்ட மீனின் சளியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உருண்டையான பெரிய செல், உடலெங்கும் நுண்மயிர், நின்ற இடத்திலேயே சோம்பலாகப் புரண்டுகொண்டிருக்கும். உள்ளே குதிரை லாட வடிவில் உட்கரு. அதைப் பார்த்துவிட்டால் வேறு நோயோ என்ற ஐயமே வராது.

மாலகைட் கிரீன் என்ற மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளைப்புள்ளிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உண்ணும் மீனுக்கு அதைப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடை இருக்கிறது, புற்றுநோய் அச்சம் காரணம். திலாப்பியாவும் வளர்ப்பவர்கள் அந்தப் புட்டியை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வெறும் கையால் கலக்கவும் வேண்டாம்.

பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். பழைய மீன்கள் நலமாக இருக்க, புது மீன்கள் மட்டும் சாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரம்பூர் தொட்டிக்காரன்

அம்மா, 28 முதல் 30 டிகிரிக்குள் வைத்திருந்தால் கடைசிப் புள்ளி மறைந்ததிலிருந்து மேலும் ஒரு வாரம். ஹீட்டர் இல்லையென்றால் குன்னூர் தம்பி சொன்ன கணக்குக்குப் போங்கள்.

உப்பைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே இருக்கும். குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்புப் போடக் கூடாது. தண்ணீரை மாற்றினால் மட்டும், மாற்றிய அளவுக்குக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். வைத்தியம் முடிந்ததும் வாரம் கால் பங்கு தண்ணீராக மாற்றிக்கொண்டே வந்தால் உப்பு தானாக இறங்கிவிடும். அதுவரை அந்தத் தொட்டியின் வலையையும் சைஃபன் குழாயையும் வேறு தொட்டியில் விடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு எடுக்கலாம்.