பால் விட்ட பில்டர் காபிக்குத் தனித்தோட்டக் கொட்டை ஒத்துவருமா?

அடையாறு வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகத் தெருமுனைக் காபிக்கடையில் பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் சரிபாதியாகக் கலந்து, நூற்றுக்குப் பதினைந்து பங்கு சிக்கரி சேர்த்து, அங்கேயே அரைத்து வாங்கி வருகிறோம். மாமனாருக்கும் மாமியாருக்கும் இரண்டு வேளையும் பித்தளை பில்டரில் இறக்கிய டிகாஷனில் பால் விட்ட காபிதான் வேண்டும். நானோ அண்மைக்காலமாகப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கப் பழகியிருக்கிறேன். சென்ற மாதம் பாபாபுடன்கிரித் தோட்டம் ஒன்றின் இளவறுவல் கொட்டையை வாங்கினேன். காகித வடிகட்டியில் இறக்கியபோது மணமும் மெல்லிய இனிப்பும் அருமையாக இருந்தன. அதையே பித்தளை பில்டரில் போட்டபோது டிகாஷன் நீர்த்துப் புளித்தது; பால் விட்டதும் காபி போன இடம் தெரியவில்லை. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காபியா, கஷாயமா?" என்று டபராவைத் தள்ளி வைத்துவிட்டார்.

இரண்டு விதக் காபிக்கும் ஒத்துவரக்கூடிய கொட்டை உண்டா? பீபெரி உண்மையிலேயே உயர்ந்ததா, அல்லது விலைதான் உயர்வா? வீட்டில் அரைக்க மிக்ஸி போதுமா? உங்கள் வீட்டில் எந்தக் கொட்டை, எந்த முறை என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

கீழ்ப்பழனித் தோட்டக்காரன்

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பிளாண்டேஷன் ஏ என்பது ஒரு தோட்டமோ ஒரு ரகமோ அன்று. பழத்தோலை நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிகா இனக் காபியை 'பிளாண்டேஷன்' என்கிறோம், அதில் 17ஆம் எண் சல்லடையில் தங்குகிற அளவுள்ள கொட்டை 'ஏ' ஆகிறது. பீபெரியும் அப்படியே தரம்பிரிப்பில் கிடைப்பதுதான். வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதைகள் முதுகு வளைந்தும் முகம் தட்டையாகவும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். ஒன்று வளராமல் போனால் மற்றது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டுவிடுகிறது. உருண்டை என்பதால் வறுக்கும்போது சீராகப் புரளும் என்பது வியாபாரிகள் சொல்லும் நியாயம், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சாதாரணத் தோட்டத்துப் பீபெரியைவிட நல்ல தோட்டத்துத் தட்டைக் கொட்டை எப்போதும் மேல். பீபெரி குறைவாகவே தேறுவதால் விலை ஏறுகிறது; அந்த விலையைச் சுவைக்கான சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கேட்க வேண்டியவை வேறு: எந்த மலை, எந்த ரகம், கழுவியதா அல்லது பழத்தோடு உலர்த்தியதா, என்று வறுத்தது? எங்கள் பகுதியிலும் கர்நாடகத்திலும் பரவலாக நிற்பது எஸ்.795. பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் கென்ட் ரகத்தோடு எஸ்.288-ஐச் சேர்த்து உருவாக்கி, 1940களில் தோட்டங்களுக்கு வந்த ரகம் அது, எஸ்.288-இன் வழியாக லைபீரிகா என்ற வேறொரு காபி இனத்தின் இரத்தமும் சிறிது அதில் ஓடுகிறது. அதன் காபி கனமாகவும் அடக்கமான புளிப்போடும் இருக்கும் என்பதால் பாலுக்கு எதிர்நின்று தாங்கும். எத்தியோப்பிய டஃபாரிகேலாவும் திமோர் கலப்பினமும் சேர்ந்த செலக்ஷன் 9 என்ற ரகத்தில் மலர்மணமும் புளிப்பும் மேலோங்கும். அதைப் பால் இல்லாமல் குடிப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. நான் வீட்டில் குடிப்பது எங்கள் மரத்து எஸ்.795, நடுவறுவலைச் சற்றே தாண்டியது, எவர்சில்வர் பில்டரில் இறக்கியது.

இடையே ஒரு சொல்: காபிக்கு நடுவே கமலா மரமும் மலைவாழையும் நிற்பதால் கொட்டையில் அவற்றின் வாசனை ஏறுகிறது என்று உறையில் அச்சிடுகிறார்கள். நிழலுக்கும் மண்ணுக்கும் அந்த மரங்கள் செய்யும் நன்மை பெரிது, ஆனால் அந்த வாசனைக் கதை விற்பனைப் பேச்சு.

கோவை கையரைவை

உங்கள் பித்தளை பில்டர் புளித்ததற்குக் காரணம் கொட்டையின் தரக்குறைவு அன்று. வறுவலும் கருவியும் பொருந்தாமல் போனதுதான். இளவறுவல் கொட்டை கெட்டியானது, தன் சாரத்தை எளிதில் விடாது. தூளிலிருந்து புளிப்புப் பொருள்கள் முதலில் இறங்கும், இனிப்பும் கசப்பும் அவற்றைத் தொடர்ந்து வரும். நம்முடைய பில்டரில் தூள் மிகுதி, தண்ணீர் குறைவு, அழுத்தமும் கிடையாது. ஊற்றிய கொதிநீரும் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் ஆறிவிடுகிறது. இளவறுவலுக்கு அது போதாது, புளிப்போடு வேலை நின்றுவிடுகிறது. கருமைக்கு அருகில் வறுத்த கொட்டையோ உள்ளே நுண்துளைகள் பெருகி நொறுங்கும் தன்மை பெற்றிருப்பதால், அதே பில்டரில் கள்ளிச்சொட்டாக இறங்கும். நம் முன்னோர் கடைகள் ஏன் கருக வறுத்தன என்பதற்கு இதுவே பாதி விடை.

ஆகவே ஒரே கொட்டையை இருவருக்கும் பொருத்துவதைவிட, ஒரே தோட்டத்திடம் இரண்டு வறுவலில் வாங்குங்கள். பில்டருக்கு எஸ்.795 நடுவறுவலுக்கு மேல். மாமியாருக்குப் புளிப்பே ஆகாது என்றால் மான்சூண்ட் மலபார் பொருந்தும். மேற்குக் கரையில் திறந்த கிடங்குகளில் பருவக்காற்றின் ஈரத்தை வாரக்கணக்கில் குடிக்கவிட்டு, கொட்டை உப்பி மஞ்சளித்துப் புளிப்பு அடங்கிய காபி அது. 25 கிராம் தூளை மேல் கிண்ணத்தில் பரப்பி, அமுக்குத் தட்டை அழுத்தாமல் மேலே வைத்து, இரண்டு கரண்டிக் கொதிநீரை விட்டு அரை நிமிடம் பொறுத்திருந்து, பிறகு சுமார் 120 மில்லி ஊற்றி மூடுங்கள். தட்டைப் பலமாக அழுத்தினால் துளைகள் அடைத்துக்கொண்டு விடியும்வரை சொட்டிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கான கறுப்புக் காபிக்கு நான் வி60 என்ற காகித வடிகட்டிக் கூம்பில் செய்வதைச் சொல்கிறேன்: 15 கிராம் தூள், 250 மில்லி நீர், சூடு 93 பாகை. முதலில் 40 மில்லி விட்டுத் தூள் உப்பி அடங்கும்வரை காத்திருப்பேன். மீதியை இரண்டு மூன்று தடவையாக வட்டமாக ஊற்றுவேன். மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடிய வேண்டும். முன்னதாக முடிந்து புளித்தால் அரைவையை நுண்மையாக்குங்கள், தாமதித்துக் கசந்தால் பருமனாக்குங்கள்.

மிக்ஸி வேண்டாம். அதன் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் மாவும் குருணையும் ஒரே தூளில் கலந்துவிடும். மாவு கசக்கும், குருணை புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். கத்தியால் வெட்டாமல் பற்களுக்கு இடையே நசுக்கி அரைக்கும் பல்லரைவை உள்ள கைக்கருவி ஒன்று போதும். நிதியை ஒதுக்குவதாக இருந்தால் கொட்டைக்கு முன்பாக இதற்கு ஒதுக்குங்கள் என்பது என் கருத்து.

டபரா

அம்மா, நான் கும்பகோணத்துக்காரன், எழுபதைக் கடந்தவன். மேலே இருவரும் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் இருவரும் சிக்கரியைப் பற்றி வாய் திறக்காமல் நழுவியது நியாயமன்று. அது வறுத்த வேர். அதில் கஃபீன் இல்லை. வறுக்கும்போது அதிலுள்ள இன்யூலின் என்ற மாவுப்பொருள் கருகிச் சர்க்கரைப்பாகின் மணத்தைத் தருகிறது. காபித் தூளைவிட நீரில் அதிகம் கரைவதால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் கூடுகின்றன. சட்டப்படி கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, விகிதத்தையும் உறையில் அச்சிட வேண்டும். அந்த எல்லையை ஒட்டி விற்கப்படும் தூளை நானும் காபி என்று ஏற்பதில்லை. ஆனால் பத்து விழுக்காடு சிக்கரியைப் பாவம்போல் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சிக்கரியை விட்டுவிட வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்தால், அது தரும் கனத்தை வேறொன்று தர வேண்டும். அராபிகாவைப் போல் மற்றொரு காபி இனமான ரொபஸ்டா, நல்லதாக இருந்தால், அதைத் தரும். இங்கே நான் சொல்வது பழத்தோடு காய்ந்த மலிவு ரொபஸ்டாவை அன்று, கழுவி உலர்த்திய பார்ச்மென்ட் ரொபஸ்டாவை. அதன் மேல்தரம் 'காப்பி ராயல்' என்ற பெயரில் வருகிறது. எழுபது பங்கு அராபிகாவோடு முப்பது பங்கு சேர்த்துப் பாருங்கள். அராபிகாவைவிடச் சுமார் இருமடங்கு கஃபீன் உள்ளது என்பதால் மாமனாருக்கு மாலைக் காபியில் மட்டும் அளவைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் விழித்திருந்து உங்களை எழுப்புவார்.

அடையாறு வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. டபரா ஐயா சொன்ன எழுபது முப்பதை மாமியாருக்காகவும், செலக்ஷன் 9-ஐ எனக்காகவும் வாங்குவதாக இருக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. வறுத்த அன்றே வாங்குவதுதான் சிறந்தது என்று கடைக்காரர் சொல்கிறார், அது சரிதானா? நாங்கள் வடிகட்டி இயந்திரத்தின் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துகிறோம், அதனால் காபிக்கு ஏதேனும் குறை உண்டா?

கோவை கையரைவை

வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு சில நாள்களுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது தண்ணீரைத் தூளுக்குள் புகவிடாமல் தடுக்கும். இளவறுவலுக்கு ஒரு வாரமாவது, கருவறுவலுக்கு மூன்று நான்கு நாள்களாவது பொறுப்பது நல்லது. கடைக்காரர் சொல்வது அங்கேயே அரைத்து வாங்கும் தூளுக்குப் பொருந்தும், ஏனென்றால் அரைத்ததுமே வாயு பெருமளவு போய்விடுகிறது, கூடவே மணமும் போகத் தொடங்கிவிடுகிறது. எனவே 250 கிராம் கொட்டையாக வாங்கி, உறையின் வறுத்த தேதியைப் பார்த்துத் திறங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் உள்ள பைகார்பனேட் காபியின் புளிப்பை முறித்துவிடுவதால் செலக்ஷன் 9 கூட மண்ணாகச் சப்பென்று இருக்கும். உப்பே இல்லாத ஆர்.ஓ. நீரிலோ அதே புளிப்பு கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், காபியும் மெலிந்து தோன்றும். கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டி இருந்தால் நல்லது. மலிவான டிடிஎஸ் மானி ஒன்றால் அளந்து பாருங்கள், உங்கள் ஆர்.ஓ. நீர் 30 அல்லது 40 என்று காட்டினால், கொதிக்கவைத்து வடிகட்டிய குழாய் நீரைச் சிறிது கலந்துகொள்ளலாம். மாமியாரின் பால் காபிக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. உங்கள் கறுப்புக் காபியில் வேறுபாடு முதல் கோப்பையிலேயே தெரியும்.