அண்ணா சாலையில் நடந்தே பார்க்க எங்கே தொடங்குவது?

நெல்லைக்காரி:
வணக்கம். அடுத்த ஞாயிறு காலை அப்பாவையும் ஒன்பதாவது படிக்கிற மகளையும் அண்ணா சாலைக்குக் கூட்டிப்போகிறேன். அப்பா இன்றும் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்வார், அவருக்கு எல்.ஐ.சி. கட்டடம் மட்டும்தான் தெரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து பரங்கிமலை வரை போகிற சாலை என்பதால் முழுக்க நடக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் பெரியவர் நடக்கிற தூரத்தில் எந்தப் பகுதி நல்லது? பழைய கட்டடங்கள் போதும், கடைகள் வேண்டாம்.

தீவுத்திடல்:
மெட்ராஸ் ஆளுநராக இருந்த முன்ரோவின் சிலையில் தொடங்குங்கள். 1839இல் வைத்தது. குதிரைமேல் இருப்பவருக்குக் கால் வைக்கும் அங்கவடியே கிடையாது, மகளிடம் சொல்லாமல் அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து சிம்சன் பெரியார் சிலையைத் தாண்டினால் ஓமந்தூரார் வளாகத்தில் ராஜாஜி மண்டபம். திப்புவை வென்றதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் அது, வடிவமைத்த கோல்டிங்காம் உண்மையில் வானியலாளர். அண்ணா, எம்.ஜி.ஆர்., கலைஞர், ஜெயலலிதா எல்லோருக்கும் மக்கள் கடைசி மரியாதை செலுத்திய இடம் என்றால் அப்பாவுக்கு உடனே புரியும்.

பழைய மெட்ராஸ்:
வயதானவரோடு முன்ரோ சிலையிலிருந்து நடப்பது வீண் அலைச்சல், அங்கே நிழலும் குறைவு. மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி அண்ணா சிலையிலிருந்து ஸ்பென்சர் வரை நடந்தால் போதும். அந்தச் சிலை அவர் உயிரோடு இருந்தபோதே, 1968இல் திறந்தது. சாலைக்கு அவர் பெயர் வந்தது மறைவுக்குப் பிறகு. இந்தத் தூரத்துக்குள்ளேயே 1904இல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது, அப்புறம் தபால் நிலைய வளாகத்தில் 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் இருக்கிறது. ஊமைப்படம் ஓடிய அந்தக் கொட்டகையில் இப்போது தபால்தலை அலுவலகம். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறை விட்டு வேலைநாளில் வாருங்கள்.

எல்.ஐ.சி. கதையையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக அதைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார், 1956இல் ஆயுள் காப்பீட்டுத் துறையே அரசிடம் போய்விட்டது, 1959இல் கட்டடம் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது அதுதான். அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

சிவப்புச் செங்கல்:
பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை யாருமே சொல்லவில்லையே! ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் கோபுரமும் வளைவுகளுமாக நிற்கிறதே, அதுதான். 1897இல் டபிள்யூ. இ. ஸ்மித் மருந்துக் கடைக்காகக் கட்டியது. 2006இல் இடிக்கவே தொடங்கிவிட்டார்கள், பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனதால்தான் தப்பித்தது. தப்பித்தும் என்ன பயன், வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து செங்கலில் செடி முளைத்தது. இடிக்காமல் இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது, பழுதுபார்த்து மக்கள் உள்ளே போகும்படி செய்ய வேண்டும். எதிர்ப் பக்கத்து நடைபாதையிலிருந்து பாருங்கள், அப்போதுதான் முழு முகப்பும் தெரியும்.

நெல்லைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன், அண்ணா சிலையிலிருந்தே தொடங்குகிறோம். திரும்பும்போது சைதாப்பேட்டைப் பக்கம் போவோம், அங்கே பழசாக ஏதாவது இருக்கிறதா?

பழைய மெட்ராஸ்:
மறைமலை அடிகள் பாலத்தில் இறங்குங்கள். 1726இல் அங்கே முதல் பாலத்தைச் சொந்தக் காசில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பாலம் மாறிவிட்டது, அவர் வைத்த கல்வெட்டு ஓரத்தில் இருக்கிறது. வண்டி நெரிசல் அதிகம், மகள் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள்.