புதுப்பிப்பு: புன்னைப் பருப்பும் ஹெக்சேனும்

தேவிபட்டினம் பக்கம் பொறுக்கிய புன்னைப் பருப்பை மாவாக அரைத்தும் சாக்ஸ்லெட்டில் (ஹெக்சேன் என்ற கரைப்பானைத் திரும்பத் திரும்ப வடியவிட்டு எண்ணெயைப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) எண்ணெய் குறைவாகவே வருகிறதே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

துகள் சிறிதானால் எண்ணெய் ஹெக்சேனில் கரைந்து வெளியேறும் தூரம் குறையும். தடிமன் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால்வாசி. அதுவரை சரி. ஆனால் புன்னையில் எண்ணெய் அதிகம். மிக்சியை விடாமல் ஓட்டினால் பசையாக அப்பிக்கொள்கிறது. கருவியில் மாவை இட்டு வைக்கும் உறைக்குள் அது கட்டியாகிவிட, கரைப்பான் ஓரமாகவே வழிந்து ஓடுகிறது. கட்டியைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் இன்னும் பிசுபிசுப்பு!

இப்போது விட்டுவிட்டு அரைத்து, ரவைப் பதத்தில் சலித்துப் போடுகிறேன். நன்றாக வடிகிறது. சோயா ஆலைகளிலும் மாவாக்குவதில்லை, சுமார் 0.3 மி.மீ. தகடாக நசுக்குகிறார்கள். அப்புறம், அரைக்கும் முன் பருப்பை உலர்த்திவிடுங்கள். நம் கடற்காற்றில் சீக்கிரம் ஈரம் ஏறிவிடும்.