'எல்' என்ற ஓர் எழுத்துக்காகக் கிளிநொச்சிக்கு இரண்டு தடவை

விசுவமட்டில் வசிக்கிறேன். சென்ற ஆவணியில், கச்சான் காற்று புழுதியை வாரி முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதற்காகத் திறப்பைத் திருப்பியபோது, எமது பழைய யப்பானியக் கார் 'டிக் டிக்' என்ற சத்தத்துடன் அடங்கிவிட்டது. மீற்றரை வைத்துப் பார்த்ததில், 12.6 வோல்ற் காட்ட வேண்டிய பற்றரி 11க்கும் கீழே நின்றது. எங்கள் வெயிலில் பற்றரி அதிக காலம் தாங்காது என்று தெரிந்திருந்தும், முந்திய வாரம் காலையில் எஞ்சின் சோம்பலாகச் சுற்றியதை நான் கவனியாமல் விட்டிருந்தேன். அம்மா பேருந்தில் போனார். போகும்போது சொன்னவற்றை இங்கே எழுத இயலாது.

பொனற்றைத் திறந்தால், எயார் கிளீனர் பெட்டிக்கும் பியூஸ் பெட்டிக்கும் நடுவே பற்றரி செருகப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருக்கும் சட்டத்தின் பின்பக்க நட்டைக் கண்ணால் காண முடியாது, விரல் நுனியால் தடவித்தான் அறிய வேண்டும். எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றாமலே சமாளிக்கலாம் என்று எண்ணி அரை மணி நேரத்தையும் இரண்டு விரல்களின் தோலையும் இழந்த பிறகு, நான்கு கிளிப்புகளையும் ஒரு குழாய்ப் பட்டியையும் நெகிழ்த்திப் பெட்டியை எடுத்தேன். அதற்குப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. முதலில் நெகிழ்த்த வேண்டியது கழித்தல் முனையைத்தான். அது பூட்டியிருக்க, கூட்டல் முனையில் வைத்த 10 மில்லிமீற்றர் ஸ்பனர் காரின் தகட்டில் முட்டினால் தீப்பொறி பறக்கும், இந்த இடுக்கில் முட்டாமல் இருப்பதுதான் அதிசயம். வயர் முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவினேன்.

தவறு அதற்குப் பின்னரே நடந்தது. பழைய பற்றரியின் எழுத்து அழிந்திருந்ததால், நீள அகலத்தை மட்டும் அளந்துகொண்டு நண்பரின் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், '46பி24ஆர்' என்ற பற்றரியை வாங்கி வந்தேன். தட்டில் அச்சாகப் பொருந்தியது. ஆனால் கூட்டல் முனை மறுகோடியில் இருந்தது, வயர் நான்கு விரற்கடை எட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணை, ஒரு துண்டு வயரைப் பொருத்தி விடுவம்" என்றார். ஸ்ராட் எடுக்கும்போது நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும் இடத்தில் ஒட்டு வயர் போடுவது நெருப்பை அழைப்பதற்கு ஒப்பானது என்பதால் மறுத்துவிட்டேன். அந்தக் குறியில் 'பி' அகல உயர வகையையும், 24 ஏறத்தாழச் சென்ரிமீற்றரில் நீளத்தையும், கடைசி எழுத்து கூட்டல் முனை எந்தப் பக்கம் என்பதையும் சொல்கின்றன. எனக்குத் தேவைப்பட்டது 'எல்'. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

பூட்டும்போது கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில். எஞ்சின் ஓடுகையில் 14.1 வோல்ற் காட்டியது. ஆகவே சார்ச் ஏறுவதில் பழுதில்லை.

மாங்குளத்திலிருந்து இன்னொருவர்:

ஐயா எழுதிய அதே பின்பக்க நட்டு எனக்கு எஞ்சினின் அடித்தகட்டுக்குள் விழுந்து, முழுப் பின்னேரத்தையும் விழுங்கியது. முன்சில்லைத் திருப்பி, படுத்துக்கிடந்து, காந்தத்தைக் கம்பியில் கட்டித்தான் எடுத்தேன். இப்போது நெகிழ்த்துவதற்கு முன்பே பற்றரியின் கீழே பழைய சாரம் ஒன்றைத் திணித்துவிடுகிறேன்.