திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி முதல் கூட்டப்புளி வரை கடல் பாம்புப் படங்கள் வேணும்

அண்ணாச்சிமாரே, வலையில் ஏறிய, கரையில் ஒதுங்கிய கடல் பாம்புகளின் படங்களை அனுப்புங்க. எந்த இனம் எங்கே இருக்குன்னு வரைபடம் போடுறோம்.

பெரிய சிக்கல் இடம்தான். படம் எடுத்தது உவரிக் கரையில். பாம்பு ஏறினதோ பல கிலோமீட்டர் தள்ளி. போன் காட்டும் இடத்தை அப்படியே எடுத்தால் வரைபடம் பொய்யாயிடும். அதனால வலை போட்ட இடம், எத்தனை பாகம் (கை விரிச்ச அளவு) ஆழம், என்ன வலை, தேதி எல்லாம் எழுதுங்க. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டா அனுப்புங்க. படமா அனுப்பினா இடவிவரம் அழிஞ்சிடும்.

தலை மேல்பக்கம், பக்கவாட்டு, துடுப்பு மாதிரி தட்டை வால், முழு உடம்பு தெரியணும். செத்ததுன்னா நீளக் குச்சியால் புரட்டித் தாடையின் அடியையும் எடுங்க. வலக்கடியன்ங்கிற கடல் பாம்புக்கு அங்கே நடுவில் கத்திமுனை போல ஒரு செதில் இருக்கும். செதிலே இல்லாம செவுள் துளை இருந்தா அது விலாங்கு.

செத்ததையும் கையால் தொடாதீங்க. நம்ம நாட்டுப் பாம்புக்கடி மருந்து நாலு தரைப்பாம்புக்குத்தான், கடல் பாம்புக்கு இல்ல.