ஏற்காடு ஏற்றத்தில் பத்மினியும் ஆல்டோவும்: கணக்கு உதைக்கிறது

அப்பாவிடம் 1988ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி, என்னிடம் 2014ஆம் ஆண்டு ஆல்டோ 800. பத்மினிக்கு 1089 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், 40 குதிரைத்திறன், எடை சுமார் 900 கிலோ. ஆல்டோவுக்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 குதிரைத்திறன், எடை சுமார் 700 கிலோ.

தாளில் ஆல்டோவுக்குத்தான் வெற்றி. ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் அப்பா ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள கம்பியை ஒருமுறை தட்டி மூன்றாவது கியருக்குப் போய்விடுகிறார். அதே இடத்தில் நான் இரண்டாவதிலேயே இருக்கிறேன். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வேறு!

மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். ஏசியை அணைத்துப் பார்த்தேன். காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் மாற்றினேன். டயர் காற்றும் சரி. இரண்டிலும் அதே நான்கு பேரை ஏற்றியும் ஓட்டினேன். மெக்கானிக், ஆல்டோவில் குறையே இல்லை என்கிறார். ஆல்டோவின் உச்ச முறுக்குவிசை (எஞ்சின் தண்டைச் சுழற்றும் விசை) 69 நியூட்டன் மீட்டர்; அது எஞ்சின் நிமிடத்துக்கு 3500 சுற்று சுற்றும்போதுதான் கிடைக்கிறது. பத்மினி அதற்கும் குறைந்த சுற்றிலேயே இழுப்பதுபோல் தெரிகிறது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கீழ்ச்சுற்று முறுக்குவிசையா, கியர் விகிதமா? இரண்டு வண்டிகளையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.