புதுப்பிப்பு: ஏஜென்ட்டுக்கு முழு டம்ப் வேண்டாம், வித்தியாசம் போதும்

என் பில்லிங் நிரலில் புதுப் பில்லில் தள்ளுபடி போட்டால் பழைய பில்லும் மாறுகிறது, பிழை தேடச் சொன்ன ஏஐ ஏஜென்ட்டோ ஜேசான் டம்ப் (நிரலின் தரவை அப்படியே கொட்டிய உரை) முழுக்கப் படித்துவிட்டுக் கண்டபடி யூகிக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, பிழையைப் பிடித்துவிட்டேன்!

நிரலின் தள்ளுபடி போட்ட ஓட்டம், போடாத ஓட்டம் இரண்டின் ஸ்னாப்ஷாட்டையும் (அப்போதைய தரவின் பதிவு) ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் தரும் சின்ன டூல் ஒன்றை ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். முதலில் ஒரே இரைச்சல், சம்பந்தமில்லாத வித்தியாசங்களாகவே வந்தன. பைத்தானில் 3.3 பதிப்பு முதல் ஸ்ட்ரிங் ஹாஷ் (எழுத்துத் தொடருக்குக் கணக்கிடும் எண்) ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்; அதை நம்பியிருக்கும் செட் என்ற தொகுப்பின் வரிசையும் கூடவே கலையும். வரிசைப்படுத்தி எழுதியதும் மிஞ்சியது மூன்றே வரி. அதில் ஒன்று, யாரும் தொடாத பழைய பில்!

காரணம், மேலோட்டமான நகல். உள்ளே இருந்த லிஸ்ட் இரண்டு பில்லுக்கும் ஒன்றேதான். டீப்காப்பி (உள்ளே இருப்பதையும் சேர்த்துத் தனியாக நகலெடுப்பது) போட்டதும் சரியாயிற்று. (நகலைப் பார் என்று ஒருவர் போன வாரமே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.)

ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் நேரக் குறிப்புகளை ஒப்பீட்டிலிருந்து விலக்கும் வேலை இன்னும் பாக்கி.